மாமன் மகளின் சீட்டுக்கட்டு

போன வாரம் நம் பள்ளிக்கூட வாட்ஸ்அப் குழுவில் ஒருத்தி தன் பேரன் சீட்டு வித்தை காட்டும் வீடியோவைப் போட்டிருந்தாள். நீங்கள் எல்லோரும் பார்த்துவிட்டுக் கைதட்டல் பொம்மைகளாகப் போட்டுத் தள்ளினீர்கள். நான் மட்டும் ஒன்றும் போடவில்லை. ஏன் சத்தத்தையே காணோம் என்று ஒருத்தி தனியாகக் கேட்டாள். மூட்டு வலி என்றேன். மூட்டு வலி இருப்பது உண்மைதான். ஆனால் அந்தப் பையன் சீட்டுக்கட்டை விசிறி மாதிரி விரித்ததும் எனக்கு வயிற்றில் பழைய எரிச்சல் ஒன்று கிளம்பிவிட்டது. அறுபதை நெருங்கும் வயதில், பல் விழுந்து முளைக்காத ஒரு பையனைப் பார்த்து வருகிற எரிச்சல் இல்லை அது. அது பழையது. நாம் ஆறாம் வகுப்புக்குப் போகும் முன்னால் வந்த கோடை விடுமுறையில் பிடித்துக்கொண்டது.

யாரைப் பற்றிச் சொல்லப்போகிறேன் என்று உங்களில் சிலருக்கு இப்போதே தெரிந்திருக்கும். பெயர் சொல்லப்போவதில்லை. எனக்கு அவள் மாமன் மகள். அது போதும்.

எங்கள் வீட்டையும் அப்பாவின் பனியன் கம்பெனியையும் ஒரே ஒரு சுவர்தான் பிரித்தது என்பது உங்களுக்கு நினைவிருக்கும். சுவரில் ஒரு சின்னக் கதவு. அதைத் திறந்தால் கட்டிங் டேபிள், அதைத் தாண்டித் தையல் மிஷின்கள், கடைசியில் துணி பின்னுகிற நிட்டிங் மிஷின்கள். அவை ஓடும் சத்தத்தில்தான் நான் பிறந்தேன், தூங்கினேன், படித்தேன். ஞாயிற்றுக்கிழமை சத்தம் நின்றால் எங்கள் எல்லோருக்கும் காது வலிக்கிற மாதிரி இருக்கும். பஞ்சுத் தூசி எல்லாவற்றின் மேலும் படிந்திருக்கும், தோசை மாவின் மேல்கூட. பின்பக்கம் சலவைப் பட்டறை. காற்று அந்தப் பக்கமிருந்து வீசினால் பிளீச்சிங் வாடை மூக்கைச் சுடும்.

அந்தக் கம்பெனியில் எனக்கென்று ஒரு மதிப்பு இருந்தது. நான் வாய்ப்பாடு சொல்லுவேன். சாதாரணமாக அல்ல, பதினாறாம் வாய்ப்பாடு, பத்தொன்பதாம் வாய்ப்பாடு, மேலிருந்து கீழாக, கீழிருந்து மேலாக. வெளியூரிலிருந்து ஆள் வந்தால் அப்பா சுவர்க் கதவைத் திறந்து என்னைக் கூப்பிடுவார். நான் வந்து கட்டிங் டேபிளின் ஓரத்தில் ஏறி நின்று சொல்லுவேன். கட்டிங் மாஸ்டர் கத்தரியை வைத்துவிட்டுக் கேட்பார். அப்பா ஒன்றும் சொல்ல மாட்டார். ஆனால் வந்தவரின் முகத்தை ஒரு பார்வை பார்ப்பார். அந்தப் பார்வைக்காகத்தான் நான் வாய்ப்பாடு படித்தேன். அவர் பாராட்டிப் பேசுகிற மனிதர் அல்ல. அவரிடமிருந்து எனக்குக் கிடைத்தது அந்தப் பார்வை ஒன்றுதான், அதுவும் நேராக என்மேல் விழுந்ததில்லை.

பரீட்சை முடிந்த வாரம் கல்கத்தாவிலிருந்து அத்தையும் மாமன் மகளும் வந்து இறங்கினார்கள். மாமன் அம்மாவின் அண்ணன். கல்கத்தாவில் பனியன் மொத்த வியாபாரம். சேவூர்ப் பக்கம் கடலைக்காடு இருந்த குடும்பத்திலிருந்து முதன்முதலாக ரயிலேறி அவ்வளவு தூரம் போனவர் அவர்தான் என்று அம்மாவுக்கு ரொம்பப் பெருமை. மாமனுக்கு வேலை நெருக்கடி, அதனால் வரவில்லை, லீவுக்கு இவர்கள் மட்டும் வந்திருக்கிறார்கள் என்று சொன்னார்கள்.

இரண்டு பெரிய டிரங்குப் பெட்டிகள், ஒரு குக்கர், சாக்கில் சுற்றிய ஒரு அரிவாள்மனை. நான்தான் அந்தச் சாக்கை உள்ளே தூக்கிக்கொண்டு போனேன். லீவுக்கு வருகிறவர்கள் அரிவாள்மனை எதற்குக் கொண்டுவருகிறார்கள் என்று எனக்கே தோன்றியது. பெரியவர்கள் யாருக்கும் தோன்றவில்லை. அத்தை அறைக் கதவைச் சாத்திக்கொண்டு படுத்தே கிடந்ததையும் அவர்கள் தப்பாகத்தான் எடுத்துக்கொண்டார்கள். "கல்கத்தாக்காரிக்கு நம்மூரு வெயிலு ஆகறதில்லை" என்று அம்மா கொஞ்சம் நக்கலாகவே சொன்னாள்.

மாமன் மகளுக்கு என் வயதுதான். ஒட்ட வெட்டிய தலைமுடி, முழங்கால் வரை கவுன், கவுனின் இரண்டு பக்கமும் ஆழமான பை. என்னிடம் பாவாடைதான் இருந்தது. பாவாடையில் பை கிடையாது. முதல் பொறாமை அந்தப் பையின் மேல்தான் வந்தது என்று நினைக்கிறேன்.

வந்த மறுநாள் மதியச் சாப்பாட்டு நேரத்தில் அவள் சுவர்க் கதவைத் தானே திறந்துகொண்டு கம்பெனிக்குள் போனாள். தையல்காரப் பெண்கள் துணி உருளைகளின் மேல் உட்கார்ந்து தூக்குப்போசியைத் திறந்துகொண்டிருந்தார்கள். அவள் நடுவில் போய் நின்று பையிலிருந்து சீட்டுக்கட்டை எடுத்தாள். எல்லோரும் கொஞ்சம் திடுக்கிட்டார்கள். பொட்டைப்பிள்ளை கையில் சீட்டா என்கிற திடுக்கிடல். நம் ஊரில் சீட்டு என்றால் தோட்டத்து மோட்டார் ரூமில் ஆம்பளைகள் விளையாடுவது, அதனால் வீட்டில் சண்டை வருவது, அவ்வளவுதான்.

அவள் கட்டை ஒரு கையில் பிடித்து, மறு கையின் பெருவிரலால் புத்தகத்தைப் புரட்டுவதுபோல விர்ரென்று புரட்டிக் காட்டினாள். ராஜா, எட்டு, ஜாக்கி, இரண்டு என்று எல்லாம் வேறு வேறு. பிறகு கவிழ்த்துப் பிடித்து மெதுவாகப் புரட்டிக்கொண்டே, வேண்டிய இடத்தில் விரலை வைத்து நிறுத்தச் சொன்னாள். ஒரு அக்கா நிறுத்தினாள். வந்தது ஆட்டின் ராணி, சிவப்பு இதயம் போட்ட ராணி. அதை உள்ளே சொருகிவிட்டு, "என் கையப் பாக்காதீங்க, கண்ணப் பாருங்க" என்றாள். விரலைச் சொடுக்கினாள். மேல் சீட்டைத் திருப்பினால் அது ஆட்டின் ராணி. மறுபடி கட்டைப் புரட்டினாள். இப்போது முதலிலிருந்து கடைசி வரை எல்லாமே ஆட்டின் ராணி.

சத்தம் போடாமல் சாப்பிடுகிற பெண்கள் அவர்கள். அன்றைக்கு ஒரு அக்கா கையில் சோற்றை வைத்துக்கொண்டே எழுந்து நின்றுவிட்டாள். கட்டிங் மாஸ்டர் மறுபடி காட்டச் சொன்னார். அவள் மறுபடி காட்டவில்லை. ஒரே வித்தையை ஒரே நாளில் இரண்டு தடவை காட்டக் கூடாது என்று பெரிய மனுஷி மாதிரிச் சொல்லிவிட்டுக் கட்டைப் பையில் போட்டுக்கொண்டாள். அந்தத் தோரணையை என்னால் இன்றைக்கும் மன்னிக்க முடியவில்லை. வித்தையை விட அதுதான் வித்தை. கையில் இருப்பதைப் பற்றிக் கொஞ்சமும் பயமே இல்லாத மாதிரி நிற்பது. நான் வாய்ப்பாடு சொல்லும்போது தொடை நடுங்கும். அது யாருக்கும் தெரியாது.

அப்பா கணக்கு மேஜையிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தார். சிரித்தார். பல் தெரியச் சிரித்தார்.

அதற்குப் பிறகு தினமும் வித்தைதான். பால்காரர் வந்தால் வித்தை, நூல் லாரி டிரைவர் வந்தால் வித்தை. ஒரு நாள் யாரோ எடுத்துத் திரும்பச் சொருகிய சீட்டைக் கண்ணை மூடிக்கொண்டே கட்டிலிருந்து உருவிக் காட்டினாள். ஒரு நாள் அம்மா எடுத்துப் பார்த்த சீட்டு அரிசிப் பானைக்குள்ளிருந்து வந்தது. அம்மா அதை ஊர் முழுக்கச் சொன்னாள். யார் வந்தாலும் அவர்களுக்கு முன்னால் அவள் போய் நின்றுவிடுவாள். என்னை யாரும் கூப்பிடவில்லை. நான் பதினேழாம் வாய்ப்பாட்டைக் கிணற்று மேட்டில் தனியாக நின்று சொல்லிப் பார்த்தேன். அது ரொம்ப முட்டாள்தனமாக இருந்தது.

எனக்குச் சோறு இறங்கவில்லை. படுத்தால் தூக்கம் வரவில்லை. பொறாமை என்று ஒரு சொல் இருப்பது தெரியும், ஆனால் அது உடம்பில் இப்படி இருக்கும் என்று தெரியாது. ஏதோ சூடான கல்லை விழுங்கிவிட்ட மாதிரி. அம்மா என் கன்னத்தைப் பிடித்துப் பார்த்துவிட்டு, புள்ளை எதையோ பார்த்துப் பயந்துவிட்டாள் என்று முடிவு செய்தாள். முதலிபாளையத்துக்குப் பக்கத்தில் மந்திரிக்கிற ஒருவர் இருந்தார். ஞாயிற்றுக்கிழமை அங்கே கூட்டிப்போனாள். அவர் வேப்பிலையால் முகத்தில் தண்ணீர் தெளித்து, கருப்புக் கயிறு ஒன்றைக் கையில் கட்டி, உச்சி வெயிலில் புளியமரத்தடிக்குப் போகக் கூடாது என்றார். நான் தலையாட்டினேன். மாமன் மகளும் கூட வந்திருந்தாள். மந்திரிக்கிறவருக்கும் அவள் ஒரு வித்தை காட்டினாள். அவர் அசந்துபோய் என் கயிற்றுக்குக் காசு வேண்டாம் என்றுவிட்டார்.

அவள் யாரையும் கட்டைத் தொட்டுக் கலைக்க விடுவதில்லை என்று நான் கவனித்தேன். பொறாமைப்படுகிறவளுக்குக் கண் கூர்மையாகிவிடும். எல்லோரும் அவள் கண்ணைப் பார்த்தார்கள், நான் கையைத்தான் பார்த்தேன். ஒரு காலையில் அவள் குளிக்கப் போனபோது தலையணைக்கு அடியில் கையை விட்டேன். கட்டு கிடைத்தது. எடுத்து ஒவ்வொரு சீட்டாகத் திருப்பினேன். கிளாவர் ஐந்து, ஆட்டின் ராணி. இஸ்பேட் ஜாக்கி, ஆட்டின் ராணி. டைமண்ட் ஒன்பது, ஆட்டின் ராணி. ஒன்று விட்டு ஒன்று ராணிகள். குளியலறையில் செம்புச் சத்தம் நின்றுவிட்டது. கட்டை வைத்துவிட்டு ஓடிவந்துவிட்டேன். அன்றைக்கு மூன்று தோசை சாப்பிட்டேன். மந்திரித்த கயிறு வேலை செய்துவிட்டது என்றாள் அம்மா.

மே மாதம் அப்பா புது நிட்டிங் மிஷின் ஒன்று இறக்கினார். அதற்குப் பூஜை. சந்தனம், பூசணிக்காய், மிஷின் சக்கரத்துக்கு அடியில் எலுமிச்சம்பழம். பம்பாயிலிருந்து சரக்கு எடுக்கிற சேட்டு ஒருவர் அதற்காகவே வந்திருந்தார். அவர் மனம் வைத்தால்தான் அந்த மிஷினுக்கு வருஷம் முழுக்க வேலை என்று வீட்டில் பேச்சு. சேட்டுக்கு முன்னால் வாய்ப்பாடு சொல்ல வேண்டும் என்று அப்பா என்னிடம் ஒரு மாதத்துக்கு முன்பே சொல்லியிருந்தார். நான் பட்டுப்பாவாடை கட்டிக்கொண்டு சுவர்க் கதவுக்கு இந்தப் பக்கம் நின்றேன். அப்பா வந்தார்.

"நீ இன்னொரு நாளைக்குச் சொல்லலாம் கண்ணு. சேட்டுக்குத் தமிழ் வாய்ப்பாடு என்ன புரியும்? அவளுக்குன்னா இந்தி பேச வரும்."

அவர் சொன்னதில் நியாயம் இருந்தது. அதுதான் தாங்க முடியவில்லை.

மாமன் மகள் கட்டிங் டேபிளின் ஓரத்தில் ஏறி நின்றாள். என் இடம். இந்தியில் ஏதோ சொன்னாள், சேட்டு சிரித்தார். கட்டைப் புரட்டினாள். சேட்டு விரலை வைத்து நிறுத்தினார். ஆட்டின் ராணி. உள்ளே சொருகினாள். சொடுக்கப் போனாள்.

"அத்தனையும் ஒரே சீட்டு" என்று நான் கத்தினேன். "பாதிக்கட்டு ராணிதான். நான் பாத்தேன்."

மாமன் மகள் மெதுவாக என் பக்கம் திரும்பினாள். அவள் கண் நிறைந்துவிட்டது. "ஏன் அப்படிச் சொல்றே? நான் உன்னைய என்ன பண்ணினேன்?" என்று மெல்லிய குரலில் கேட்டாள். அவ்வளவு பேரும் திரும்பி என்னைப் பார்த்தார்கள். சேட்டு பார்த்தார், கட்டிங் மாஸ்டர் பார்த்தார், அம்மா பார்த்தாள். பிறகு அவள் டேபிளிலிருந்து இறங்கி, கட்டை இரண்டு கையாலும் ஏந்திச் சேட்டிடம் கொடுத்தாள். அவர் கட்டிங் டேபிளின் மேல் ஒவ்வொரு சீட்டாகப் பரப்பினார். எல்லாம் வேறு வேறு. ஆட்டின் ராணி ஒன்றே ஒன்று.

அப்பா கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் பரவாயில்லை. சேட்டைப் பார்த்துச் சங்கடமாகச் சிரித்தார். "பொறாமைங்க, சின்னப் புள்ளை" என்றார். சேட்டுக்குப் புரியவில்லை. பொறாமைக்கு இந்தியில் என்ன சொல்வது என்று அப்பாவுக்குத் தெரியவில்லை. மாமன் மகள்தான் அந்தச் சொல்லை எடுத்துக் கொடுத்தாள்.

சாயங்காலம் நான் பின்பக்கம் துவைக்கிற கல்லின் மேல் உட்கார்ந்திருந்தேன். பட்டுப்பாவாடையில் சோப்புத் தண்ணீர் ஏறிக்கொண்டிருந்தது, எழுந்திருக்கத் தோன்றவில்லை. அவள் வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள். இடது பையிலிருந்து ஒரு கட்டும் வலது பையிலிருந்து ஒரு கட்டும் எடுத்துக் கல்லின் மேல் வைத்தாள். இரண்டுக்கும் ஒரே மாதிரி முதுகு, நீலக் கொடி போட்டது.

ஒன்றில் பாதி ராணிகள். அந்த ராணிகளை எல்லாம் ஒரு நூலளவு குட்டையாக வெட்டியிருந்தது. ஒரு பக்கமாகப் புரட்டினால் மற்ற சீட்டுகள் மட்டும் தெரியும், மறுபக்கமாகப் புரட்டினால் ராணிகள் மட்டும் தெரியும். இன்னொரு கட்டில் எல்லாம் வேறு வேறு, ஆனால் ஒவ்வொரு சீட்டும் ஒரு முனையில் கொஞ்சம் ஒடுக்கம். ஒரு சீட்டைத் திருப்பிச் சொருகினால் விரலுக்குத் தட்டுப்படும், பார்க்காமலே உருவிவிடலாம். மாமன்தான் கல்கத்தா நடைபாதைக் கடையில் வாங்கிக் கொடுத்துச் சொல்லிக்கொடுத்தாராம்.

"எப்ப மாத்துனே?" என்று கேட்டேன்.

"எல்லாரும் உன்னையப் பாத்தாங்கல்ல. அப்ப."

நான் கத்தியதுதான் அவளுக்கு வசதியாகப் போயிருக்கிறது. எனக்கு அழுகை வந்தது. எழுந்து போயிருப்பேன். ஆனால் என்னால் கேட்காமல் இருக்க முடியவில்லை. எந்நேரமும் எதற்கு இந்தச் சீட்டைக் கையில் வைத்துக்கொண்டே திரிகிறாய், யார் வந்தாலும் ஏன் முன்னால் போய் நிற்கிறாய் என்று கேட்டேன்.

அவள் கட்டுகளை ஒன்றின் மேல் ஒன்றாக வைத்து ஓரத்தைத் தட்டிச் சரிசெய்தாள்.

"நான் சீட்டக் கீழ வெச்சுட்டா எல்லாரும் எங்கம்மாகிட்டப் பேச ஆரம்பிச்சுருவாங்க" என்றாள்.

பிறகு மெதுவாகச் சொன்னாள். மாமனுக்குக் கல்கத்தாவில் இன்னொரு வீடு இருக்கிறது. அங்கே ஒரு அம்மா, ஒரு சின்னப் பாப்பா. அத்தைக்குத் தெரிந்துவிட்டது. சொல்லிக்கொள்ளாமல் பெட்டியைக் கட்டிக்கொண்டு வந்துவிட்டார்கள். அத்தையின் பிறந்த வீட்டில் அண்ணன் குடும்பம்தான் இருந்தது, அங்கே இந்தச் சேதியோடு போய் நிற்க அத்தைக்கு மனதில்லை. யாராவது 'மாமன் எப்ப வருவாரு' என்று அத்தையைக் கேட்டால் அத்தை உடைந்துவிடுவாள். அதனால் அப்படிக் கேட்கக்கூடிய ஆள் வரும்போதெல்லாம் இவள் சீட்டை எடுத்துவிடுகிறாள்.

யாரிடமும் சொல்லக் கூடாது என்று என் கையைப் பிடித்தாள். சொல்ல மாட்டேன் என்றேன். பாவமாக இருந்தது. ஆனால் உங்களிடம் மறைப்பானேன், அந்தப் பாவத்துக்கு நடுவிலும் ஒரு சந்தோஷம் ஓடியது. இவளுக்கு இல்லாத ஒன்று என்னிடம் இருக்கிறது. என் அப்பா வீட்டில்தான் இருக்கிறார்.

விடுமுறை முடியப்போகிற சமயத்தில் மாமன் வந்தார். வாடகைக் காரில், வெள்ளை முழுக்கைச் சட்டையில், வாசனையோடு வந்தார். ரசகுல்லா டின், அம்மா எப்போதும் கட்டுகிற நெகமம் சேலைக்குப் பதிலாக ஒரு வங்காளச் சேலை, எனக்குக் காந்தம் வைத்த பென்சில் டப்பா. அவர் பேசினால் கேட்டுக்கொண்டே இருக்கலாம். அத்தைக்கு அந்த ஊர்த் தண்ணீர் ஒத்துக்கொள்ளவில்லை என்றார். கொஞ்ச நாள் இங்கேயே இருந்து உடம்பைத் தேற்றிக்கொள்ளட்டும், மகளுக்குப் பள்ளிக்கூடம் திறக்கிறது, அவளை மட்டும் கூட்டிப்போகிறேன் என்றார். அப்பாவுக்கு அது சரியாகவே பட்டது. "படிப்பு கெடக் கூடாதுங்க மாப்ள" என்றார். அம்மா அண்ணனின் முகத்தையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அத்தை சமையலறை நிலைப்படியில் சாய்ந்து நின்றாள்.

நாளைக்கே இவள் போய்விடுவாள். கட்டிங் டேபிள், கம்பெனி, அப்பாவின் பார்வை எல்லாம் திரும்ப எனக்கு. நான் வாயைத் திறக்காமல் இருந்தால் போதும். அப்படியே இருப்பது என்றுதான் முடிவு செய்திருந்தேன்.

மாமன் தன் மகளைக் கூப்பிட்டு, உன் அத்தை வீட்டில் எல்லோரையும் மயக்கிவிட்டாயாமே, எங்கே காட்டு என்றார். அவள் வந்து அவருக்கு எதிரில் தரையில் உட்கார்ந்தாள். கட்டை எடுத்தாள். புரட்டினாள். அவள் தன் கையையே குனிந்து பார்த்ததை அன்றைக்குத்தான் முதன்முதலாகப் பார்த்தேன். இரண்டாம் தடவை புரட்டும்போது கட்டு கையிலிருந்து தெறித்து அறை முழுக்கச் சிதறியது. ராணிகள். நாற்காலிக்கு அடியில் ராணி, அப்பாவின் காலடியில் ராணி, நிலைப்படியில் அத்தையின் பாதத்துக்குப் பக்கத்தில் ராணி.

அப்பா குனிந்து நாலைந்தை எடுத்துப் பார்த்தார். "அட, அத்தனையும் ராணி" என்று சிரித்தார். அவள் தலையைத் தட்டி, "கெட்டிக்காரி, எங்க எல்லாத்தையும் ஏமாத்திப்போட்டா பாரு" என்றார்.

நான் சொன்னது அவருக்கு ஞாபகமே இல்லை. அத்தனை பேர் முன்னால் என்னைப் பொய்க்காரி ஆக்கிய சீட்டு அவர் கையிலேயே இருக்கிறது. என் பக்கம் திரும்பி, நீ அன்றைக்குச் சொன்னது சரிதான் என்று ஒரு வார்த்தை வரவில்லை. பொய்க்கும் அவள்தான் கெட்டிக்காரி.

"நான் அன்னிக்கே சொன்னேன். நீங்க நம்பலை" என்றேன். அப்பா நிமிர்ந்தார். "இதையும் நம்ப மாட்டீங்க. மாமனுக்கு அங்க இன்னொரு ஊடு இருக்குதுங்க. அங்க ஒரு பாப்பா இருக்குது."

சுவருக்கு அந்தப் பக்கம் மிஷின்கள் ஓடிக்கொண்டே இருந்தன. அம்மா எழுந்து வந்து என் கன்னத்தில் அறைந்தாள். யார் சொல்லிக்கொடுத்தது என்று கேட்டாள். மாமன் சிரித்தார். குழந்தைப் பேச்சு, எங்கேயோ சினிமாவில் பார்த்திருப்பாள் என்றார். கொஞ்சமும் கலங்காத சிரிப்பு. அவளுடைய அந்தத் தோரணை எங்கிருந்து வந்தது என்று அப்போது புரிந்தது.

அப்பா சிரிக்கவில்லை. கையிலிருந்த சீட்டுகளைப் பார்த்தார். பிறகு என்னை நேராகப் பார்த்தார். பிறகு நிலைப்படிப் பக்கம் திரும்பினார்.

"ஏம்மா, நெசமா?"

அத்தை குனிந்து காலடியில் கிடந்த சீட்டை எடுத்துப் புடவைத் தலைப்பால் துடைத்தாள்.

"ஆமாங்கண்ணா. சொல்லோணும்னுதான் வந்தேன். வாய் வரலை."

நல்ல கோபக்காரராக இருந்திருந்தால் அப்பா சத்தம் போட்டிருப்பார். அவர் போடவில்லை. "சாப்பாடு ஆயிருச்சுங்க மாப்ள. சாப்புட்டுட்டுப் பொறப்படுங்க. புள்ளை இங்கயே படிக்கட்டும்" என்றார். மாமன் சாப்பிடவில்லை. கார் திரும்பும் சத்தம் கேட்டது. அம்மா அடுப்படிக்குள் போய் அழுதாள். அது அண்ணனுக்காகவா, அத்தைக்காகவா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

அப்பா மாமன் மகளை, "இங்க வா சாமி" என்று கூப்பிட்டார். அவள் போய் அவர் முட்டியில் முகத்தைப் புதைத்துக்கொண்டாள். அவர் அவள் தலைமேல் கையை வைத்து, எடுக்காமல் ரொம்ப நேரம் அப்படியே உட்கார்ந்திருந்தார். நான் எரிகிற கன்னத்தோடு நின்று அந்தக் கையைப் பார்த்தேன். என் தலைமேல் அது அவ்வளவு நேரம் இருந்ததில்லை. அப்போதும் பொறாமைதான் வந்தது. வேறு எதுவும் வரவில்லை.

அதற்குப் பிறகு நடந்ததுதான் வேடிக்கை. நான் அவளைக் காப்பாற்றிவிட்டேன் என்று பெரியவர்கள் முடிவு கட்டிவிட்டார்கள். கூடப் பிறந்தவள் மாதிரிப் பாசம், அவளைப் பிரிய மனசில்லாமல் வாயைத் திறந்துவிட்டாள் என்று அம்மா சாகும்வரை ஒவ்வொரு விசேஷத்திலும் சொல்லிக்கொண்டிருந்தாள். நான் மறுக்கவில்லை. எப்படி மறுப்பது? முதல் தடவை வயிற்றெரிச்சலில் உண்மையைச் சொன்னேன், பொய் என்றார்கள். இரண்டாம் தடவையும் அதே வயிற்றெரிச்சலில்தான் சொன்னேன். பாசம் என்றார்கள்.

அவள் என்ன நினைத்தாள் என்று கேட்கிறீர்களா? வாக்கை மீறினாயே என்று அவள் கோபிக்கவில்லை. நன்றி என்றும் சொல்லவில்லை. கொஞ்ச நாள் என்னோடு பேசாமல் இருந்தாள், பிறகு பேசினாள். சீட்டுக்கட்டுகள் இரண்டும் எங்கே போயின என்று தெரியவில்லை. அதற்கப்புறம் அவள் கையில் நான் பார்க்கவே இல்லை. அத்தை எங்கள் கம்பெனியிலேயே, தைத்த பனியனில் பழுது பார்க்கிற செக்கிங்கில் உட்கார்ந்தாள். நாளாவட்டத்தில் அவளுக்குக் கீழே பத்துப் பேர் வேலை செய்தார்கள்.

மற்றது உங்களுக்குத் தெரியும். ஜூனில் நம் வகுப்புக்கு வந்தாள். கணக்கில் என்னைத் தாண்டினாள். நெருப்பெரிச்சல் ஊர்ப் பக்கம் இப்போது அவள் நடத்துகிற கம்பெனியின் முன்னால் நிற்கிற பஸ்களை நீங்களும் பார்த்திருப்பீர்கள், பாதிப் பேர் இந்தி பேசிக்கொண்டு இறங்குகிறார்கள், அவளும் அவர்களோடு இந்தியில் பேசுகிறாள். அவள் மகள் கல்யாணத்தில் நீங்கள் எல்லோரும் சாப்பிட்டீர்கள். நான்தான் முன்னால் நின்று பன்னீர் தெளித்தேன். இந்தக் குழுவில் அவளும் இருக்கிறாள். படிக்கட்டும். படித்துவிட்டு ஒரு கைதட்டல் பொம்மை போடுவாள், அவளை எனக்குத் தெரியும்.

பள்ளிக்கூடம் திறந்த நாளை மட்டும் சொல்லி நிறுத்துகிறேன். லேசாகத் தூறல். அப்பா ஸ்கூட்டரை எடுத்தார். நான் வழக்கம்போல அவருக்குப் பின்னால் ஏறப்போனேன். அப்பா கையைக் காட்டி நிறுத்தி, மாமன் மகளை முதலில் ஏறச் சொன்னார். அவளுக்கு ஸ்கூட்டர் புதிது, பயந்துகொள்வாள், நீ பின்னால் உட்கார்ந்து அவளைப் பிடித்துக்கொள் என்றார். அவள் அப்பாவின் சட்டையை இரண்டு கையாலும் பற்றிக்கொண்டாள். நான் அவளுக்குப் பின்னால், அப்பாவின் முதுகுகூடத் தெரியாமல், அவள் இடுப்பைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தேன். புதுச் சீருடையின் கஞ்சி வாடை அவளிடமும் வந்தது, என்னிடமும் வந்தது.

அப்பா திரும்பிப் பார்க்காமல், "புடிச்சுட்டியா கண்ணு?" என்றார்.

யாரைக் கேட்டார் என்று தெரியவில்லை.

"புடிச்சுட்டேனுங்க" என்று இரண்டு பேரும் ஒரே நேரத்தில் சொன்னோம். அப்பா வண்டியைக் கிளப்பினார்.